சாத்துக்குடி ஜூஸ் பழக் கணக்கில் சேராது: சிறு குழந்தைக்குச் சாறு கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள், இடுப்பில் இருக்கும் குழந்தை வெயிலில் சிணுங்கத் தொடங்கியதும் ஜூஸ் கடையில் நின்று, தமக்கு வாங்கிய சாத்துக்குடி ஜூஸில் நாலு வாய் அதற்கும் புகட்டுவது வழக்கம். என்றோ ஒருநாள் புகட்டிய நாலு வாயைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதுவே வீட்டில் தினசரிப் பழக்கமாகி, "இன்றைக்குப் பழம் கொடுத்தாயிற்று" என்ற கணக்கிலும் சேரும்போதுதான் தவறு தொடங்குகிறது.

ஒரு தம்ளர் சாறு பிழிய மூன்று சாத்துக்குடியாவது வேண்டும். மூன்றையும் உரித்துக் கொடுத்தால் இரண்டு வயதுக் குழந்தை தின்று முடிக்காது. ஆனால் அவற்றின் இனிப்பு முழுவதையும் இரண்டே நிமிடத்தில் குடித்துவிடும், நார்ச்சத்தோ வடிகட்டியிலேயே தங்கிவிடும். சாற்றில் வயிறு நிரம்பிய குழந்தை பருப்புச் சோற்றைத் தள்ளிவிடுகிறது. "சோறே இறங்கவில்லை, ஜூஸாவது குடிக்கட்டும்" என்று சொல்லும் பாட்டிமார்களிடம், இவற்றில் எது முதலில் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு வயது வரை பழச்சாறே வேண்டாம் என்பதும், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 125 மில்லிக்கு மேல் கூடாது என்பதும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் சற்றுத் தளர்வாக, ஒரு வயதுக்கு முன் கூடாது, மூன்று வயது வரை சுமார் 120 மில்லி போதும் என்றது. இரண்டுமே உச்ச வரம்பைத்தான் சொல்கின்றன. அந்த அளவைத் தினமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை.

பெட்டிக்கடையில் ஸ்ட்ராவோடு தொங்கும் அட்டைப் பெட்டியைச் சாறு என்று நினைப்பது இன்னொரு தவறு. 'பழ பானம்' என்று விற்கப்படுவதில் பழத்தின் பங்கு பத்து சதவீதம் இருந்தாலே விதிப்படி போதுமானது. மற்றதில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். 'நூறு சதவீதப் பழச்சாறு' என்ற விளம்பர வாசகத்தையும் நீக்கும்படி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வயிற்றுப்போக்கின்போது தெம்புக்காக ஜூஸ் கொடுப்பதுதான். சாற்றின் அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுப்பதால் போக்கு கூடலாம். இழந்த உப்பும் அதில் போதிய அளவு இல்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொடி பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கானது என்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஸ்பூனால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். மருந்துக் கடையில் அதே பெயரைத் தாங்கி நின்ற இனிப்புப் பானங்களைப் பலர் மருந்தென்றே வாங்கிவந்தார்கள். 2025 அக்டோபரில்தான் அப்பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை வந்தது. குழந்தை சோர்ந்து கண் குழிந்திருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பால் புட்டியில் சாறு ஊற்றித் தூங்க வைத்தால் முன்பற்கள் சொத்தையாகும். தண்ணீர் கலந்து கொடுத்தாலும், இனிப்பு நெடுநேரம் பல்லில் தங்கும் வரை பயன் குறைவு. கொடுப்பதானால் தம்ளரில், சாப்பாட்டோடு, ஐஸ் இல்லாமல் கொடுக்கலாம். கடை ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கேட்டு வாங்க நமக்கு வழியில்லை.

விக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் சாற்றுக்கு மாறுகிறவர்கள் உண்டு, பயம் நியாயமானதே. அதற்குச் சாத்துக்குடிச் சுளையின் தோலையும் கொட்டையையும் எடுத்துவிட்டு உதிர்த்துக் கொடுக்கலாம். ஆப்பிளை வேகவைத்து மசிக்கலாம், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கலாம், வாழைப்பழத்துக்கு அந்த வேலையும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் போதும்.