புற்றுநோய்ச் சிகிச்சையை முடிவு செய்யும் நாட்களில் துணைவர் தவிர்க்க வேண்டியவை

"அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்." அன்பினால்தான் இப்படிக் கேட்கிறோம். ஆனால் இருக்கும் தவறுகளில் இதுவே பெரியது. மருந்தைத் தாங்கப்போவது அவர் உடம்பு. கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது, அவருக்காக நாமே முடிவெடுப்பது. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில், பலருக்கு இரண்டு வழிகள் இருக்கும்: கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது, அல்லது மார்பகத்தை முழுவதும் எடுப்பது. முதல் வழிக்குத் தகுந்தவர்களுக்கு இரண்டிலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எல்லாத்தையும் எடுத்துடுங்க, அப்பதான் நிம்மதி" என்று கணவர் முந்திக்கொண்டால், அது யாருடைய நிம்மதி? கதிர்வீச்சுக்குச் சில வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். திருவள்ளூரிலிருந்து அடையாறுக்கு அப்படி அலைய முடியுமா என்பதையும் அவரே எடைபோடட்டும். நீங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

பதற்றத்தில் அன்றே தேதி குறிக்கவும் வேண்டாம். "யோசிக்க எத்தனை நாள் இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். தீவிர ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் காத்திருக்க முடியாது. பல கட்டிகளுக்குச் சில நாள் அவகாசம் இருக்கும். இரண்டாவது கருத்துக்கு இன்னொரு டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல், பயாப்சி (சோதனைக்கு எடுத்த திசு) ஸ்லைடுகளையும், அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக ஐந்தாறு மருத்துவமனை ஏறி இறங்கி மாதங்களைக் கரைப்பதும் தவறுதான்.

பெரியவர்கள் கூட இருப்பதால் கேட்கக் கூச்சப்படும் ஒன்று உண்டு: குழந்தை பெறும் வாய்ப்பு. கீமோ, அதாவது புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சையில், சில மருந்துகள் அதைப் பாதிக்கும். கருமுட்டையையோ விந்தணுவையோ சேமிப்பது பற்றிக் கீமோ தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

நகையை அடகு வைப்பதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும்.

அப்புறம், உறவினர் சொல்லும் கஷாயம், சூரணம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சிலவை கீமோ மருந்தோடு மோதும். "இதைக் குடுத்தியா?" என்று வரும் போன்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அவர் கையில் போனைக் கொடுக்க வேண்டாம்.