முடிவெடுத்த பிறகு பி.ஆர். ஆளைக் கூப்பிடுவதும், கூடவே வரும் மற்றத் தவறுகளும்

கூட்டம் முடியும் நேரம். மாதக் கட்டணத்தை உயர்த்துவது என்று தீர்மானமாகிவிட்டது. எல்லோரும் எழுந்திருக்கும்போது ஒருவர் சொல்வார்: “இதுக்கு ஒரு பிரஸ் நோட் ரெடி பண்ணச் சொல்லிடுங்க.” மக்கள் தொடர்பில், அதாவது பி.ஆர். வேலையில், நடக்கிற மிகப் பெரிய தவறு அந்த ஒரு வரிதான். மற்ற தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

அச்சுப் பத்திரிகை கோலோச்சிய காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. நிர்வாகம் முடிவெடுக்கும், மக்கள் தொடர்பு அலுவலரான பி.ஆர்.ஓ. அறிக்கை எழுதுவார், நிருபர் வாங்கிப் போவார். மறுநாள் கட்டிங்கை ஃபைலில் ஒட்டினால் வேலை முடிந்தது. இன்று அறிக்கை பத்திரிகை அலுவலகத்தின் செய்தி டெஸ்க்கைச் சேரும் முன்பே வாடிக்கையாளர் ஒருவர் புது ரசீதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். சொல்வதை விட, முன்கூட்டியே காதுகொடுத்து வைப்பதுதான் இப்போது இந்த வேலையின் பெரும்பகுதி. கஸ்டமர் கேர் அழைப்பு, கூகுள் ரிவ்யூ, கிளை மேலாளரின் புலம்பல் எல்லாம் வந்து சேரும் மேசை அது. அந்த மேசைக்காரர் முடிவுக்கு முன்பே கூட்டத்தில் இருந்தால் கேட்பார்: முதலில் யாருக்கு வலிக்கும்? அவர் என்ன கேட்பார்? அதற்கு வாயால் பதில் சொல்லாமல் செயலால் பதில் சொல்ல வழி இருக்கிறதா? பழைய வாடிக்கையாளருக்கு மூன்று மாதம் பழைய கட்டணமே என்று அங்கே ஒரு வரி சேர்ந்தால், அதுதான் படைப்பாற்றல். அறிவிப்பில் எதுகை மோனை வைப்பது அல்ல.

கேட்பரிக்கு நடந்ததைப் பாருங்கள். 2003 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாக மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறை அறிவித்தது. கடைகளில் சரியாகச் சேமித்து வைக்காததே காரணம் என்பது நிறுவனத்தின் முதல் பதில். அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்குச் சாக்லேட் வாங்கும் அம்மாவுக்குக் கடைக்காரரைக் குறை சொல்லும் பதில் எதற்கு உதவும்? நிலைமையை மாற்றியது 2004 ஜனவரியில் வந்த புது உறை: அலுமினியத் தாளில் சுற்றி, அதன்மேல் எல்லாப் பக்கமும் ஒட்டிய இன்னோர் உறை. அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து பேசியது அதற்குப் பிறகு. உறை மாறாமல் அவர் மட்டும் வந்து பேசியிருந்தால், பேச்சுக்குப் பிடிமானம் இருந்திருக்காது.

1982-இல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலந்த டைலனால் வலிநிவாரணி மாத்திரையால் 7 பேர் இறந்தபோதும் இதே பாடம்தான். அதன் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் அமெரிக்கா முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. சில வாரங்களில் மூன்று அடுக்கு முத்திரையுடன் புதுப் புட்டி வந்தது. அங்கே கற்பனை வேலை செய்த இடம் மூடி.

இதிலிருந்து அடுத்த தவறு புரியும்: எல்லா இடத்திலும் சாமர்த்தியம் காட்டுவது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. தன் விநியோக நிறுவனத்தை மாற்றியது. கோழி வந்து சேரவில்லை. 900 கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. நிறுவனம் நாளிதழ்களில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் கொடுத்தது. காலி பக்கெட், அதில் தன் பெயரின் மூன்று எழுத்துகளையே இடம் மாற்றி ஆங்கில வசைச்சொல் ஒன்றை நினைவூட்டும்படி போட்டிருந்தது. உலகமே ரசித்தது. ரசிக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே யாருக்கும் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை; பசியும் எரிச்சலும்தான். கீழே சிறிய எழுத்தில் நேரான மன்னிப்பும், ஊழியர்களுக்கு நன்றியும் இருந்தன. அதே விளம்பரத்தை உணவு நஞ்சான செய்திக்குப் பிறகு போட்டிருந்தால் அது கொடூரம். யாராவது மருத்துவமனையில் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் சொல் விளையாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். தமிழில் வரும் செய்திக்குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதி, வரிக்கு வரி தமிழாக்கி அனுப்பப்பட்டவை. அவற்றின் முதல் வரி அநேகமாக இப்படி இருக்கும்: “உலகத்தரம் வாய்ந்த கண் சிகிச்சையை வழங்குவதில் முன்னணியில் திகழும் எங்கள் மருத்துவமனை, தனது புதிய கிளையைச் சங்கரன்கோவிலில் துவங்குவதில் பெருமகிழ்ச்சி கொள்கிறது.” உதாரணத்துக்காக எழுதிய வரி, ஆனால் இந்த அச்சில் வார்த்தவை தினமும் டெஸ்க்கில் குவிகின்றன. இதில் செய்தி எங்கே? உங்கள் மகிழ்ச்சி வாசகருக்குச் செய்தி அல்ல. இப்படி மாற்றிப் பாருங்கள்: “கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலி போய்வந்த சங்கரன்கோவில் பகுதி மக்கள், வரும் திங்கள் முதல் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.” இரண்டாவது வரியில் எங்கே, எத்தனை மணி முதல், கட்டணம் எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா. மூன்றாவதில்தான் நிறுவனத்தின் பெயரும் பின்னணியும். துணை ஆசிரியர் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார். விருந்தினர் பட்டியலை மேலே வைத்துக் கட்டணத்தைக் கீழே வைத்தால், வெட்டுப்படுவது கட்டணம்.

முழு அறிக்கையும் 250 முதல் 300 சொற்களுக்குள் இருக்கட்டும். மேலதிகாரியின் மேற்கோள் ஒன்று போதும். அது அவர் வாயில் வரக்கூடிய தமிழாக இருக்க வேண்டும். “இந்த மைல்கல்லை எட்டியதில் நாங்கள் உற்சாகமடைகிறோம்” என்று எந்த ஊரிலும் எவரும் பேசுவதில்லை.

அனுப்பும் விதத்தில் நடக்கும் பிழைகள் சின்னவை, ஆனால் அறிக்கையைக் கொல்பவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், டெஸ்க்கில் நகலெடுக்கும்போது எழுத்தெல்லாம் உடைந்து குப்பையாக விழும். அந்த அவசரத்தில் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய யாருக்கு நேரம்? யூனிகோடில், மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்புங்கள். படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டாமல் தனி ஜேபெக்காகச் சேருங்கள். 6 அங்குல அகலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்துடன் அச்சிட 1,800 பிக்சல் அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார், பதவி என்ன என்று எழுதாத படம் அச்சேறுவது கடினம். கடைசியில் ஒரு கைப்பேசி எண். அதை எடுத்துப் பேசுகிறவரின் எண்ணாக அது இருக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் இன்னொன்று: பங்கு விலையை அசைக்கக்கூடிய எந்தத் தகவலும் முதலில் சந்தைக்குப் போக வேண்டும், பிறகுதான் நிருபருக்கு. நெருங்கிய நிருபருக்கு முந்தைய நாளே காதில் போட்டு வைக்கும் பழக்கம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிகளின் கீழ் உங்களையே சிக்கவைக்கும்.

யோசனை தேடும் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுப் பேரை அறையில் அடைத்து, “மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்று கேட்பது அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் பரப்பிய வழக்கம். 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்ததை விட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியதைக் கூட்டியபோது யோசனைகள் அதிகமாகவே கிடைத்தன. காரணம் எளிது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகும். நம் அலுவலகங்களில் கூடுதலாக ஒன்று: எம்.டி. வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே முதல் பத்து நிமிடம் பேச்சு வேண்டாம். ஆளுக்கு ஐந்து யோசனை, தனித்தாளில், பெயர் போடாமல். தாள்களைக் கலைத்து ஒருவர் படிக்க, பிறகு பேசலாம். மூத்தவர் கடைசியில் பேசட்டும். கவுன்ட்டரில் உட்காருகிறவர், டெலிவரிக்குப் போகிறவர் என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கும் ஒருவராவது அந்த அறையில் இருக்கட்டும். தலைமையலுவலகத்தில் எவருக்கும் தெரியாத குறை அவருக்குத் தெரியும்.

நெருக்கடியில் வரும் தவறு மௌனம். முழு விவரம் கிடைத்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பார்கள். அதற்குள் மற்றவர்கள் பேசி முடித்திருப்பார்கள். 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பெரிய ரயில் விபத்து நடந்தபோது, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த ஐவி லீ நிருபர்களைத் தடுக்காமல் விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போனார், தெரிந்ததை எழுதிக் கொடுத்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். இன்றும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு விஷயம் போதும்: தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது, அடுத்த தகவல் வரும் நேரம்.

“எங்கள் ஆலையின் 2-ஆம் அலகில் இன்று காலை 9.40-க்குத் தீப்பிடித்தது, 10.15-க்கு அணைக்கப்பட்டது. மூவர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார்கள். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லிவிட்டோம். காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவல் பகல் 12 மணிக்கு.” இவ்வளவுதான். இதற்குப் பதிலாக “சிறு அசம்பாவிதம்”, “வதந்திகளை நம்ப வேண்டாம்” என்று எழுதினால், காயம்பட்டவரின் வீட்டார் அதைப் படிப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 12 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லை என்றாலும், அதையே 12 மணிக்குச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வராதவரை நிருபர் அதன்பின் நம்ப மாட்டார்.

காசு கொடுத்துப் பேசவைப்பதை மறைப்பது இன்னொரு தவறு. இது இப்போது சட்டத் தவறும்கூட. யூடியூபர், இன்ஸ்டா பிரபலம் என யாருக்குப் பணமோ, பொருளோ, இலவசப் பயணமோ கொடுத்தாலும், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹேஷ்டேக் கூட்டத்தின் நடுவே ஒளித்துவைப்பது செல்லாது. வீடியோவில் எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். தமிழில் பேசும் வீடியோ என்றால் அறிவிப்பும் தமிழில். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கவரேஜை, அதாவது ஊடகத்தில் நம்மைப் பற்றி வந்த செய்திகளை, அளக்கும் முறையும் மாற வேண்டும். வந்த செய்தியின் பரப்பை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதை ‘சம்பாத்தியம்’ என்று காட்டும் கணக்கு இன்னும் மாதாந்திர அறிக்கைகளில் இருக்கிறது. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய இத்துறை அளவீட்டாளர்கள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அரைப்பக்கம் திட்டி எழுதினாலும் அந்தக் கணக்கில் லாபமாகத்தான் தெரியும். சங்கரன்கோவில் மருத்துவமனைக்கு வேண்டிய கணக்கு வேறு: அந்த வாரம் எத்தனை பேர் போன் செய்தார்கள், அதில் எத்தனை பேர் காப்பீட்டு அட்டையைப் பற்றிக் கேட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் முதல் வரைவு வேகமாக வருகிறது, வரட்டும். வெளியிடாத தகவலை அதில் ஒட்டாதீர்கள். அது எழுதிக்கொடுக்கும் மேற்கோளை, பேசியதாகச் சொல்லப்படுபவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, பெரும்பாலான திட்டங்களில் பெயரே வராத ஆட்கள்: சொந்த ஊழியர்கள். நிறுவனத்தின் செய்தியை ஊழியர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நிருபருக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பாவது அவர்களுக்குப் போக வேண்டும். அதிலும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை மறந்துவிடாதீர்கள். கேமராவும் மைக்கும் முதலில் வந்து நிற்பது அவர் முன்னால்தான். என்ன நடந்தது என்று அவருக்கு இரண்டு வரியில் சொல்லி, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வாருங்கள்.