வெள்ளம் வந்தா காசு வரும், விரிசல் விட்டா வராது: டெல்டாக்காரங்க வீட்டு இன்ஷூரன்ஸ எப்படிப் படிக்கணும்

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க சித்தப்பா வீட்டுல முன்கட்டு ஓட்டுல பாதி பறந்து தெருவுல கெடந்துச்சு, கொல்லைல இருந்த தென்னைமரம் சாய்ஞ்சு அடுப்பங்கரை மேல படுத்துக்கிச்சு. மறுநாள் நான் போய் நின்னப்ப சித்தப்பா தெம்பாத்தான் இருந்தாரு. "லோன் போட்டப்பவே பேங்க்ல இன்ஷூரன்ஸ் புடிச்சிட்டாங்கடா தம்பி, அதுல பாத்துக்கலாம்"னாரு. பழைய பிஸ்கட் டப்பாலேர்ந்து பேப்பர எடுத்துக் குடுத்தாரு, ஈரம் ஏறி ஒட்டிக்கிட்டிருந்ததைப் பிரிச்சுப் படிச்சா, அவரு செத்துப்போனா மிச்சக் கடன கட்டற பாலிசி அது. வீட்டைப் பத்தி ஒரு வரி இல்ல. ஆறு வருஷமா வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்.

அதனால மொத வேலை, இன்னிக்கே உங்க பேப்பர எடுத்துப் பாருங்க. ஆளுக்கு எடுத்த ஆயுள் பாலிசியா, கட்டடத்துக்கு எடுத்த பாலிசியா? கட்டடத்துக்குன்னா வீட்டு விலாசமும் எவ்வளவு தொகைக்குன்னும் அதுல இருக்கணும். லோன் இருக்கற வீடுன்னா பேங்க் பேரும் இருக்கும், அப்ப சேதத்துக்குக் கேட்டு வாங்கற க்ளெய்ம் பணம் பேங்க் வழியாத்தான் வரும்ங்கறதையும் மனசுல வச்சுக்கங்க.

இப்ப தனி வீட்டுக்கு பாலிசி எடுக்கறது கொஞ்சம் சுலபமாயிருக்கு. 2021 ஏப்ரல் 1லேர்ந்து பாரத் க்ரிஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி பாலிசிய எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வச்சிருக்கணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ சொல்லிடுச்சு. எந்தக் கம்பெனில கேட்டாலும் அடிப்படை ஷரத்து ஒண்ணுதான், ப்ரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீழ நான் சொல்றதெல்லாம் இந்தப் பாலிசிய வச்சுத்தான், வேற பேருல வேற பாலிசி வச்சிருந்தா அதோட ஷரத்த தனியாப் பாத்துக்கங்க.

நம்மூர்ல எல்லாருக்கும் பயிர் இன்ஷூரன்ஸ் தெரியும், அதுல பெரும்பாலும் அறுவடைச் சோதனை பண்ணி அந்த வருவாய் கிராமத்து மகசூலே கொறஞ்சாத்தான் பணம். வீட்டு இன்ஷூரன்ஸ் அப்படியில்ல, தெருவுல நூறு வீடு நல்லா இருந்து உங்க வீடு ஒண்ணு மட்டும் இடிஞ்சாலும் க்ளெய்ம் உண்டு. ஆனா அங்க கேக்கற கேள்வி வேற. எவ்வளவு சேதம்னு பின்னாடிதான் பாப்பாங்க, எதனால சேதம்ங்கறதைத்தான் மொதல்ல கேப்பாங்க. அந்தக் காரணம் பாலிசில எழுதியிருக்கற லிஸ்ட்டுல இருந்தாத்தான் மேல பேச்சு.

லிஸ்ட்டுல நமக்கு வேண்டியது நெறையவே இருக்கு. தீ, காஸ் சிலிண்டர் வெடிக்கறது, இடி மின்னல், புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், மரமோ வண்டியோ வந்து மோதறது, கலவரம், வாட்டர் டேங்க்கோ பைப்போ வெடிச்சு தண்ணி போறது எல்லாம் உண்டு. வெண்ணாறோ பாமணியாறோ கரை ஒடைஞ்சு தண்ணி உள்ள வந்தா அது வெள்ளம், உண்டு. தென்னைமரம் சாய்ஞ்சு அடுப்பங்கரை நொறுங்கினா நொறுங்கின அடுப்பங்கரைக்கு உண்டு, மரத்துக்கு கெடையாது. காம்பவுண்ட் சுவர், கேட், செப்டிக் டேங்க், மாடில வச்ச சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தோட சேந்ததுதான், தொகை போடும்போது அதையும் சேத்துக் கணக்குப் பண்ணச் சொல்லுங்க.

திருட்டுலதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. இதுல சும்மா பூட்டை ஒடைச்சு நடக்கற திருட்டுக்கு கவர், அதாவது இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு, கெடையாது. வெள்ளமோ புயலோ மாதிரி கவர் இருக்கற ஒரு சம்பவம் நடந்து, அதனால வீடு தொறந்து கெடந்து, 7 நாளுக்குள்ள யாராவது அடிச்சிட்டுப் போனாத்தான் உண்டு. பூட்டை ஒடைச்சுத் திருடறதுக்கான பர்க்ளரி கவர் வேணும்னா தனியா கேட்டு வாங்கணும்.

இப்ப நம்ம மண்ணு விஷயத்துக்கு வரேன், இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. டெல்டாவுல இப்ப புதுசா வர்ற மனையில பாதி நேத்து வரைக்கும் சம்பா வெளைஞ்ச வயல், நாலடி அஞ்சடி மண்ணடிச்சு மேடாக்கி ப்ளாட் போட்டது. மண்ணு ரெண்டு மூணு மழைக்காலம் கூட குடிக்கல, மேல கடைக்கால் போட்டு வீட்ட எழுப்பிடறோம். அடில இருக்கறது களிமண்ணு, கோடைல வாய் பொளக்கும் ஐப்பசில ஊறி உப்பும். மன்னார்குடில என் மச்சான் வீடு இப்படித்தான், பால் காய்ச்சி ரெண்டு வருஷத்துல ஜன்னல் மூலைலேர்ந்து தரை வரைக்கும் சாய்வா ஒரு விரிசல், ஒரு ரூபா காச நிறுத்தி வச்சா உள்ள போயிடும். மழைக்கு அப்புறம் பாத்ததால வெள்ளச் சேதம்னு க்ளெய்ம் போட்டாரு. சேதத்தை மதிப்புப் போட கம்பெனி அனுப்பற சர்வேயர் வந்து விரிசலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு, உள்ள பழைய ஒட்டடை, பழைய சுண்ணாம்பு, சுவத்துல தண்ணி நின்ன அடையாளமே இல்ல. க்ளெய்ம் நின்னு போச்சு. வயித்தெரிச்சல்தான், ஆனா பாலிசில அப்படித்தான் இருக்கு: நிலம் உள்வாங்கினா உண்டு, ஆனா மேடாக்கின மண்ணு அமுங்கறது, புதுக் கட்டடம் செட்டில் ஆகி விரிசல் விடறது, தப்பான டிசைன், மட்டமான வேலை, மட்டமான சாமான் இதுக்கெல்லாம் கெடையாது. கடல் அரிப்பு, ஆத்து அரிப்புக்கும் கெடையாது, தரங்கம்பாடி பூம்புகார் பக்கம் கடலோரமா இருக்கறவங்களும் கொள்ளிடக் கரையில வீடு வச்சிருக்கறவங்களும் இதைக் குறிச்சு வச்சுக்கங்க. வெள்ளத் தண்ணி வந்து சுவரு விழுந்தா அது வேற, கரையே கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வீடு போனா அது வேற.

மாடி ஒழுகி சீலிங் பேந்து விழறதும் அதே கதைதான், வருஷக்கணக்கா கவனிக்காம விட்ட தேய்மானத்துக்கு எந்தக் கம்பெனியும் தராது. வோல்டேஜ் ஏறி ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் போனா அந்த ஃப்ரிட்ஜுக்கு கெடையாது, ஆனா அதுலேர்ந்து தீப்புடிச்சு பக்கத்துல இருந்த பீரோ எரிஞ்சா பீரோவுக்கு உண்டு.

சாமான் கணக்கு எப்படின்னா, கட்டடத்துக்கு போடற தொகைல 20 சதவீதம் வீட்டுச் சாமானுக்கு தானாவே கவர் வந்துடும், அதிகபட்சம் 10 லட்சம், லிஸ்ட் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. ரொக்கம், பத்திரம் பட்டா மாதிரி டாக்குமெண்ட், கார் பைக் இதுல வராது. நகைக்கு தனியா மதிப்புப் போட்டு கூடுதல் கவர் எடுக்கணும். பத்தாயத்துல இருக்கற சாப்பாட்டு நெல்லு வேற, விக்கறதுக்கு தாழ்வாரத்துல அடுக்கி வச்ச நூறு மூட்டை வேற, அதை வீட்டுச் சாமான்னு நம்பி விட்டுடாதீங்க, வாங்கும்போதே கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கங்க. ஆடு மாட்டுக்கு தனி இன்ஷூரன்ஸ் இருக்கு.

தொகை போடறதுல நெலத்து வெலையைச் சேக்காதீங்க. நெலம் எங்கயும் போயிடாது, திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்ங்கறதுதான் கணக்கு. 1000 சதுர அடி வீடு, உங்கூரு மேஸ்திரி கணக்குல சதுர அடி 2000 ரூபான்னா 20 லட்சம், அப்ப சாமானுக்கு 4 லட்சம் தானா வரும். பழைய மாதிரி பாலிசில 20 லட்சம் வீட்ட 10 லட்சத்துக்கு போட்டிருந்தா 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் குடுப்பாங்க, பாதிக்குப் போட்டா பாதின்னு. பாரத் க்ரிஹ ரக்ஷால அந்தக் கழிவ எடுத்துட்டாங்க, இது பெரிய நல்ல விஷயம். அதுக்காக கொறைச்சுப் போட்டுடாதீங்க, வீடு முழுசா போனா போட்ட தொகைக்கு மேல வராது. ஓட்டு வீடு, கூரை வீடு, ஷீட் போட்ட கொட்டகைன்னா உள்ளது உள்ளபடி சொல்லி எடுங்க, காங்கிரீட்னு ஏஜென்ட் டிக் அடிக்க விடாதீங்க, அடி படறப்ப அது உங்க தலைலதான் விடியும்.

ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஃபோன எடுத்து வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் ஒரு வீடியோ எடுத்துடுங்க, சுவத்த, தரைய, டிவி ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற நம்பர எல்லாம். பாலிசியையும் ஃபோட்டோ எடுத்து வெளியூர்ல இருக்கற புள்ளைங்களுக்கு அனுப்பி வச்சுடுங்க.

தண்ணி வந்து வடிஞ்சா நம்ம ஆளுங்க மொதல்ல பண்றது வீட்டைக் கழுவறது, தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி சுவத்துல நிக்கற சேத்துக் கோட்ட ஃபோட்டோ எடுங்க, பக்கத்துல அடி ஸ்கேல் வச்சு எடுத்தா இன்னும் நல்லது. ஊறின மெத்தையையும் ப்ளைவுட் கட்டிலையும் சர்வேயர் பாக்கற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. கம்பெனிக்கு உடனே ஃபோன் பண்ணி க்ளெய்ம் நம்பர் வாங்கி வச்சுக்கங்க, க்ளெய்ம் ஃபாரம் 30 நாளுக்குள்ள போகணும், திருட்டுன்னா போலீஸ்ல எஃப்ஐஆர் வேணும். விஏஓ வந்து எழுதிட்டுப் போறது அரசு நிவாரணத்துக்கு, அதை க்ளெய்ம்னு நெனச்சு சும்மா இருந்துடாதீங்க.

க்ளெய்ம் இல்லைன்னு கம்பெனி சொன்னா எந்த ஷரத்துப்படி இல்லைன்னு எழுத்துல கேளுங்க. அதுல நியாயம் இல்லைன்னு பட்டா மொதல்ல கம்பெனி குறை தீர்க்கும் பிரிவுக்கு எழுதுங்க, ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா இணையதளத்துலயும் 155255ங்கற ஃபோன் நம்பர்லயும் புகார் குடுக்கலாம். 30 நாள்ல பதில் வரல, வந்த பதில் சரியில்லன்னா ஒரு வருஷத்துக்குள்ள கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு போகலாம், காரைக்கால்காரங்களுக்கும் அதே ஆபீஸ்தான். 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, ஃபீஸ் கெடையாது, வக்கீலும் தேவையில்ல. சேத்துக் கோட்டோட எடுத்த அந்த ஃபோட்டோவ ப்ரிண்ட் போட்டு மனுவோட வச்சு அனுப்புங்க.