ஜெயித்தது வீடியோவா, பழகிய கையா? மிட்வைஃபரி மாணவிகளிடம் இரண்டு கற்பித்தல் முறைகளை ஒப்பிடுவது எப்படி

முதல் தடவை ஒப்பிட்டபோது வீடியோதான் ஜெயித்தது. பாடம், பிறந்த குழந்தைக்கு ஆம்பு பையால் (முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சுக் கொடுப்பது. வகுப்பில் பாதிப் பேருக்கு நான் பொம்மையின் முன்னால் நின்று டெமோ காட்டினேன். மீதிப் பேர் பக்கத்து அறையில் அதையே வீடியோவில் பார்த்தார்கள். தேர்வில் வீடியோ குழு நன்றாகவே முந்தியிருந்தது. துறைக் கூட்டத்தில் வரைபடம் போட்டு விளக்கிக் கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி பேச்சுவாக்கில் சொன்னாள்: "மேம், வீடியோ 12 நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. மிச்ச நேரம் பூரா பொம்மையை வச்சுப் பழகிக்கிட்டு இருந்தோம்."

என் டெமோ 40 நிமிடம் ஓடியிருந்தது. பேசுவதென்றால் எனக்கு உற்சாகம். என் குழுவில் ஒவ்வொருத்திக்கும் பை கைக்கு வந்தது ஒன்றிரண்டு முறைதான். நான் அளந்தது யார் அதிகம் பழகினார்கள் என்பதை மட்டுமே. அன்றிலிருந்து இந்த வேலையை வேறு மாதிரி செய்கிறேன்.

சரியான விடை தெரிந்த திறனாகப் பாருங்கள்

"எந்த முறை சிறந்தது" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ஒரு திறன், இரண்டு முறைகள், ஓர் அளவு. இதற்கு மேல் ஒரே தடவையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திறனைத் தேர்ந்தெடுக்கும்போது, சரியான விடை உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவ அறையில் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று மாணவி 6 என்பாள், டியூட்டர் 7 என்பார். யார் சரி என்று யாருக்குத் தெரியும்? லேபில், அளவு தெரிந்த வட்டங்களைத் துணியால் மூடி, விரலால் தொட்டு அளக்க வைத்தால் 7 என்பது 7தான்.

எனக்குப் பிடித்தது இரத்தப்போக்கை மதிப்பிடும் பயிற்சி. சிவப்புச் சாயமும் கொஞ்சம் சோள மாவும் கலந்த நீரை அளந்து வையுங்கள். ஒரு பேடில் 150 மி.லி., படுக்கை விரிப்பில் 500, கிட்னி டிரேயில் 350, தரையும் துணியுமாகச் சிதறி 1,200. சுகப்பிரசவத்துக்குப் பின் 500 மி.லி.யைத் தாண்டினால் அதிக இரத்தப்போக்கு என்பது பாடப்புத்தக வரையறை. கண் மதிப்பீடு, போக்கு கூடக் கூட, குறைத்தே சொல்லும். அதனால் சராசரிப் பிழையை மட்டும் எழுதினால் போதாது. 800ஐ 600 என்றவளும் 1,000 என்றவளும் ஒரே 25% தவறியிருக்கிறார்கள். ஆனால் முதலாமவளின் தவறுதான் ஓர் உயிரை இழுத்துக்கொண்டு போகக்கூடியது. குறைத்துச் சொன்னது எத்தனை, கூட்டிச் சொன்னது எத்தனை என்று தனித்தனியே குறியுங்கள்.

முறைகளை எழுதி வையுங்கள், நிமிடத்தோடு

"டெமோ" என்றால் என்ன? பத்து டியூட்டர்களைக் கேட்டால் பத்து டெமோ கிடைக்கும். ஆகவே இரண்டு முறைகளையும் இன்னொருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, அறுவை மருத்துவர் ரோட்னி பெய்டன் 1998இல் முன்வைத்த நான்கு படி முறையை வழக்கமான டெமோவோடு ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் டியூட்டர் வாய் திறக்காமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார். இரண்டாவதில் ஒவ்வோர் அடியையும் விளக்கிக்கொண்டே மறுபடி செய்வார். மூன்றாவதில் மாணவி சொல்லச் சொல்ல டியூட்டரின் கை செய்யும். நான்காவதில் மாணவியே சொல்லிச் செய்வாள்.

இந்த மூன்றாவது படியில்தான் விஷயம் இருக்கிறது. தொப்புள்கொடியை இழுத்து நஞ்சுக்கொடியை வெளியே எடுக்கும் பாடத்தில், "இப்போ கொடியை இழுங்க மேம்" என்றாள் ஒருத்தி. நான் மற்றொரு கையைச் சும்மா தொங்கவிட்டபடி காத்திருந்தேன். சில நொடிக்குப் பிறகு, "ஐயோ, வயித்து மேல கை வச்சுக் கருப்பையைத் தாங்கிக்கணும்" என்றாள். கர்ப்பப்பை சுருங்கிவிட்டதா என்று பார்க்காமல், எதிர்த்தாங்கல் இல்லாமல் கொடியை இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வரலாம். அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் படிந்தது, நான் நான்கு முறை விளக்கியிருந்தாலும் படிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் பாருங்கள், நான் இந்த முறையை விரும்புகிறேன். அதுவே ஆபத்து. பிடித்த முறையை உற்சாகமாகவும் பிடிக்காததைக் கடனுக்கும் நடத்திவிடுவோம். இரண்டு டியூட்டர்கள் இருந்தால் இருவரும் இரண்டு முறைகளையும் நடத்தட்டும். முறை ஒருவருக்கு ஒன்று என்று பங்கிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு மனிதர்களை.

நேரத்தை ஸ்டாப்வாட்சில் கட்டுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு மாணவியும் பொம்மையைத் தானே கையாண்ட தடவைகளின் எண்ணிக்கை. என் கணக்கில் அது ஆளுக்கு 6. அறை வாசலில் ஒருவர் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். நான்கு படி முறைக்கு டியூட்டர் நேரம் அதிகம் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 40 பேருக்கு ஒரே டியூட்டர் இருக்கும் இடத்தில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

(பயிற்சிப் பொம்மையைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்பவர்களுக்கு ஒரு தகவல்: மேடம் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சி 1759இல் மன்னர் 15ஆம் லூயியின் ஆணையோடு ஊர் ஊராகப் போய், துணியும் தோலும் சேர்த்துத் தைத்த இடுப்பு மாதிரியில் பிரசவம் கற்றுக்கொடுத்தார். அதில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கிறது.)

பிரிப்பது

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வருகைப் பதிவேட்டின் முதல் பாதி, பின் பாதி என்று பிரிக்காதீர்கள். நண்பர்கள் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடுவார்கள். ஏற்கெனவே பிரசவ அறைப் பணி முடித்தவர்கள், முடிக்காதவர்கள் என்று இரண்டு டப்பாவில் சீட்டைப் போட்டு, ஒவ்வொன்றிலும் தனியாகக் குலுக்கினால் அனுபவம் இரு பக்கமும் ஒரே அளவில் விழும்.

விடுதி ஒரு சிக்கல். இரவு ஏழு மணிக்கு ஒரு குழுவுக்குக் கற்றுக்கொடுத்தது எட்டு மணிக்கெல்லாம் மற்றக் குழுவின் அறையில் தலையணையை வைத்துச் செய்துகாட்டப்படும். தடுக்க முடியாது, தடுக்கவும் எனக்கு மனமில்லை. இரண்டு வகுப்பையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்து, உடனடித் தேர்வை அன்று மாலையே முடித்துவிடுங்கள்.

நியாயம் பற்றியும் யோசிக்க வேண்டும். ஒரு பாதிக்கு மட்டும் நல்லது கொடுப்பதா என்று மாணவிகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இரண்டு திறன்களை எடுத்து மாற்றிப் போடுவது எனக்குத் தெரிந்த எளிய வழி. அ குழு மூச்சுக் கொடுப்பதைப் புது முறையிலும் இரத்தப்போக்கைப் பழைய முறையிலும் கற்கும். ஆ குழு தலைகீழாக. ஒரே திறனில் முறையை மாற்றிப் பார்ப்பது வீண், கற்ற கை மறுபடி கல்லாத கையாகாது. ஒப்புதல் கேளுங்கள். இந்த மதிப்பெண் உள்தேர்வில் சேராது என்று எழுத்தில் கொடுங்கள். நீங்களே மதிப்பெண் போடுகிறவர் என்பதால் அவர்களால் உங்களிடம் "இல்லை" என்று சொல்வது கடினம். ஒப்புதல் தாளை வேறொருவர் வாங்கட்டும்.

அளப்பது

தேர்வுக்கு ஓஸ்கி (OSCE, நிலையம் நிலையமாகச் சுற்றிச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு) நிலையமே போதும். 1975இல் ரொனால்ட் ஹார்டன் டண்டீயில் கொண்டுவந்த அந்தச் சுற்று முறை, எல்லாருக்கும் ஒரே பணி, ஒரே நேரம் என்று கட்டுவதால் ஒப்பிட வசதி.

செக்லிஸ்ட் விஷயத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். 20 அடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்திருந்தேன். ஒருத்தி 17 வாங்கினாள். கை கழுவினாள், துடைத்தாள், தலையைச் சரியான நிலையில் வைத்தாள், பையை அமுக்கினாள். குழந்தையின் மார்பு மட்டும் ஒரு தடவைகூட எழும்பவில்லை. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. 20க்கு 17 வாங்கியவளிடம் செத்துப்போன குழந்தை! இப்போது மூன்று அடிகளைத் தனியாக வைக்கிறேன்: ஒரு நிமிடத்துக்குள் தொடங்கினாளா, மார்பு எழும்பியதா, நிமிடத்துக்கு 40 என்ற வேகம் ஏறத்தாழ இருந்ததா. இதில் ஒன்று தவறினாலும் தேறவில்லை. மொத்த மதிப்பெண் வேறு பத்தியில் கிடக்கட்டும்.

தேர்வாளருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கையையும் பொம்மையையும் மட்டும் படம்பிடித்து, ஒலியை வைத்துக்கொண்டு முகத்தை விட்டுவிடுவேன். ஒவ்வொரு பதிவையும் இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை வெறும் சதவீதத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். 30 பேரில் இருவரும் தலா 27 பேரைத் தேறவைத்தார்கள், 3 பேரைத் தவறவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறியவர்களில் ஒருத்தி மட்டுமே இருவருக்கும் பொது. அப்படியென்றால் 26 பேரிடம் ஒரே முடிவு, 87%. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 82% ஒத்துப்போயிருக்கும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா கணக்கில் (முழுதாக ஒத்துப்போனால் 1) இது 0.26தான். அந்த இரண்டு தேர்வாளரையும் உட்காரவைத்து, பழைய பதிவுகளைச் சேர்ந்து பார்த்து, "எழும்பியது" என்றால் என்ன என்று பேசிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

அன்றைய தேர்வோடு நிறுத்துபவர்கள் பாதியைத்தான் அளக்கிறார்கள். எட்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், அதே நிலையத்தை மறுபடி வையுங்கள். அறிவு தங்கிவிடும், கை மறந்துவிடும். மூச்சுக் கொடுக்கும் பயிற்சியில் இது திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று.

லேபில் வந்தது பிரசவ அறையில் வருமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வகுப்பு போதாது. பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் ஊழியர் எல்லாருக்கும் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்துக்கான பயிற்சி கொடுத்த பின், அத்தகைய பிரசவங்களில் குழந்தைக்கு ஏற்பட்ட காயம் 9.3%இலிருந்து 2.3%ஆகக் குறைந்ததாக 2008இல் வெளியிட்டார்கள். 324 பிரசவங்கள் முன்பு, 262 பின்பு. அதுவும் முன்-பின் ஒப்பீடுதான், குலுக்கல் இல்லை. உங்களிடம் இருப்பது 40 மாணவிகள். பொம்மையில் என்ன மாறியது என்பதோடு நின்றுகொள்வது மரியாதை.

எண்களை எடுத்தபின் கவனம். குழுவுக்கு 20 பேர் என்றால், இரு குழுச் சராசரிகளுக்கும் இடையில் திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ 0.9 பங்கு இடைவெளி இருந்தால்தான் 80% வாய்ப்பில் பிடிபடும். அரைப் பங்கு வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஆகவே "வித்தியாசம் இல்லை" என்று எழுதாமல், "எங்கள் அளவில் தெரியவில்லை" என்று எழுதுங்கள். இரண்டு மூன்று வருட வகுப்புகளை ஒரே திட்டத்தில் சேர்த்தால் கணக்கு தேறும்.

இதையெல்லாம் கட்டிக்கொண்டு வீடியோவையும் டெமோவையும் மறுபடி ஒப்பிட்டேன். ஆளுக்கு 6 முறை, 45 நிமிடம், குலுக்கல், முகமில்லாப் பதிவு. அன்று மாலை இரு குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. எட்டு வாரம் கழித்தும் ஒரே இடத்தில்தான் நின்றன. இருவரிடமும் மாஸ்க் கசிந்தது. துறைக் கூட்டத்தில் இந்தத் தடவை கைதட்டல் இல்லை. மறுநாள் பொம்மை அலமாரியின் சாவியை என் மேஜை டிராயரிலிருந்து எடுத்து, லேப் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினேன்.