பிள்ளைகளோடு மட்டக்களப்பில் ஒரு சனி, ஞாயிறு

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு, ஊருக்கு வருகிறவர்களில் பலர் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், நேரமிருந்தால் திருகோணமலையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப விமானம் ஏறிவிடுகிறார்கள். மட்டக்களப்பு தூரம் என்பார்கள். தூரம்தான், கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் பிள்ளைகளோடு இரண்டு நாள் அலட்டிக்கொள்ளாமல் நிற்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும், பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீளமாக எழுதிக்கொண்டு வராதீர்கள். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் நிழலும் சோறும் நித்திரையும். அவ்வளவுதான் திட்டம்.

எப்போது வருவது? லண்டன், கனடாப் பக்கப் பள்ளி விடுமுறை ஜூலை, ஓகஸ்டில் வருவது உங்கள் அதிர்ஷ்டம், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. வெயில் மட்டும் கொளுத்தும், கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றும் சேர்ந்தால் பகல் பதினொரு மணிக்கு மேல் பெரியவர்களுக்கே முகம் சுருங்கிவிடும். டிசம்பரில் வருகிறவர்களுக்கு வேறு கதை. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி, வயலெல்லாம் தண்ணீர், சில வருடம் வீதிக்கு மேலாலும் வெள்ளம் ஓடும், கடலில் கால் வைக்கவே முடியாது. அந்த மாதங்களில் சொந்தக்காரரைப் பார்க்க வாருங்கள், கடலுக்கென்று வராதீர்கள். இன்னொன்று, ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம் நடக்கும். பெரிய பிள்ளைகள் என்றால் அந்தச் சனத்துக்குள் ஒருமுறை கூட்டிப்போகலாம், கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். அறைகளை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

கொழும்பு கோட்டையிலிருந்து ரயில் வருகிறது, உதயதேவியும் புலதிசியும் இந்தப் பாதை ரயில்கள்தான். எட்டு ஒன்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்துபோகும், அதற்குப் பிறகு பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை என்று காடும் வயலுமாக வரும். யானை குறுக்கிடும் பகுதி அது, இரவில் ரயில் மெதுவாகப் போனால் எரிச்சல்படாதீர்கள். பகல் ரயில் என்றால் பிள்ளைகள் யன்னலை விட்டு நகரமாட்டார்கள். வான் பிடித்து வந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், சிறுசுகளோடு அது சுகம்தான். ஆனால் சாரதியை இரவோடிரவாக ஓட்ட வைக்காதீர்கள்.

தங்குவதற்குப் பலரும் பாசிக்குடா விடுதிகளைத்தான் தேடுகிறார்கள். நான் கல்லடியில் நிற்கச் சொல்வேன். பாசிக்குடாவில் நின்றால் விடுதியும் நீச்சல் குளமும் மட்டும்தான், அதற்கு மாலைதீவுக்கே போயிருக்கலாம். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, பாலம் தாண்டினால் நகரின் நடுவான புளியந்தீவு, கடைத்தெரு.

சனிக்கிழமை விடிய எழும்பிப் பாசிக்குடாவுக்குப் போங்கள், வடக்கே முப்பது கிலோமீற்றர் சொச்சம். ஏழு ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வெகு தூரம் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான், அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நீந்தத் தெரியாத பிள்ளையும் பயப்படாது. அதற்காக அவர்களை விட்டுவிட்டு போன் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அடியில் முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள் கிடக்கும், காலில் ஏதாவது போட்டுக்கொண்டு இறக்குங்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும், பாட்டும் போத்தலுமாக இடம் மாறிவிடும். நீங்கள் அதற்குள் உடுப்பு மாற்றிக் கிளம்பியிருக்க வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட விடுமுறை என்றால் இது இரட்டிப்பு.

கல்லடிக் கடற்கரை அப்படியல்ல. அங்கே அலை இழுக்கும், குளிப்பதற்கு இல்லை. மாலையில் மணலில் விளையாட, பட்டம் விட, கடலை கொறிக்க நல்லது. வாவியிலும் பிள்ளைகளைக் கால் நனைக்க விடாதீர்கள், முதலை உண்டு, சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை.

இருட்டுகிற நேரம் பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து போங்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம் அது. பக்கத்தில் புதுப் பாலம் வந்தபிறகு பழையதில் நிம்மதியாக நிற்கலாம். கீழே தோணியில் வீச்சுவலைக்காரர் நிற்பார், வலையை முழங்கையில் மடித்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி விட்டெறிந்தால் வட்டமாக விரிந்து விழும். எங்கள் வீட்டுச் சின்னவள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், இந்த வாவியில் பாடுகிறது என்று எல்லோரும் சொல்லும் மீனை அல்ல. பாடும் மீன் கேட்க நிலவு வேண்டும், வாகனச் சத்தம் அடங்க வேண்டும், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைக்க வேண்டும் என்பார்கள். பிள்ளைகளுக்கு நிச்சயம் கேட்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஞாயிறு காலை கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். சின்னக் கோட்டைதான், அரை மணித்தியாலம் தாராளம். பிறகு வாவிக்கரைக் காந்தி பூங்கா. நேரம் மிஞ்சினால் மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய்க் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடலாம். போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்று சாணமும் போட்டது என்ற கதையைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள், கோயிலில் பிள்ளைகள் நந்தியைத் தேடி ஓடுவார்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஈச்சமரம் வரிசையாக நிற்கும் வீதியும், ஆளுயர உருவங்கள் வைத்த நூதனசாலையும் உண்டு. வெள்ளியே வந்துவிட்டால், மதியம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் பூட்டிவிடும், உடுப்பும் கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும்.

சாப்பாட்டில் நண்டும் இறாலும் தவறவிடக்கூடாது, ஆனால் "உறைப்பு வேண்டாம்" என்றால் இங்கே பாதி உறைப்பு என்றுதான் அர்த்தம். பிள்ளைகளுக்குச் சொதியும் இடியப்பமும் கேட்டு வாங்குங்கள். எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது, அதைக் காட்டியே தயிர் தொடாத பிள்ளையைச் சாப்பிட வைக்கலாம், மேலே பாணி ஊற்ற மறக்காதீர்கள்.

சொந்தக்காரர் வீடு இருந்தால் ஞாயிறு மதியத்தை அவர்களுக்கென்றே விட்டுவிடுங்கள். "மறுகா எப்ப மனே வருவீங்க" (திரும்ப எப்போது மகனே வருவீர்கள்) என்று பெரியம்மா வாசலில் ஆரம்பித்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் போகும். அன்று இரவே ரயில் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள், திரும்பும் சீற்றை வரும்போதே பதிந்து வைத்திருங்கள்.