லாங்-ஆர்ம் கில்டிங் மெஷினுக்கு எந்த ஊசி?

நூல் அறுந்ததும் எல்லார் கையும், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத்தான் தேடிப் போகும். அதைத் திருகித் திருகி அரை நாள் போன பிறகுதான் ஊசி ஞாபகம் வரும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஊசி, பிறகு நூல் கோர்த்த வழி, கடைசியாக டென்ஷன்.

வீட்டுத் தையல் மெஷினில் துணி நகரும். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கும். லாங்-ஆர்மில் துணி ஃபிரேமில் கட்டிக் கிடக்கும். மெஷின் தலைதான் நாலா பக்கமும் ஓடும். ஊசி கில்டின் மூன்று அடுக்குக்குள்ளும் (மேல்துணி, நடுவில் பேட்டிங் பஞ்சு, பின்துணி) இறங்கி நிற்கும் நொடியிலும் தலை நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு தையலிலும் ஊசி கொஞ்சம் வளைகிறது. அடியில் சுழன்று நூல் வளையத்தைப் பிடிக்கும் ஹூக்கை விட்டு விலகி வளைந்தால், ஹூக் முனைக்கு நூல் வளையம் சிக்காது, தையல் விட்டுப்போகும். ஹூக் பக்கம் வளைந்தால் முனை நூலை உரசிப் பிரிக்கும். ஆக, லாங்-ஆர்மில் மெல்லிய ஊசி நல்லது என்ற வீட்டு மெஷின் கணக்கு செல்லாது. நூல் தாங்கும் அளவுக்குச் சற்றுத் தடிமனாகவே தொடங்குங்கள்.

பாக்கெட்டில் எழுதியிருப்பது

"134 எம்ஆர் 3.5, 100/16, ஆர்" என்று இருந்தால் அதில் நாலு சேதி இருக்கிறது.

134 என்பது ஊசியின் வகை: 2 மி.மீ. உருண்டைத் தண்டு (மெஷினில் செருகும் மேல்பகுதி), அதற்கென்று ஒரு நீளம். இதையே 135x5 என்றும் டிபி x 5 (DPx5) என்றும் எழுதுவார்கள். வீட்டு மெஷினுக்கான 130/705 எச் ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டை; இங்கே அது ஆகாது. தையற்கூடங்களில் ஓடும் டிபி x 1 (DBx1) ஊசியும் உருண்டைதான், ஆனால் தண்டு 1.63 மி.மீ.; திருகை எவ்வளவு இறுக்கினாலும் சரியாக உட்காராது. பெரும்பாலான லாங்-ஆர்ம்கள் 134 கேட்கும். சில நடுத்தர மெஷின்கள் வேறு வகை கேட்பதால், மெஷினோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எம்ஆர் என்றால் மல்டி-ரேஞ்ச்: எல்லாத் திசையிலும் ஓடும்போது வளையாமல் நிற்க உடலை உறுதியாக்கிய ஊசி. லாங்-ஆர்முக்கு வேண்டியது இதுதான். அதன் பக்கத்தில் இருக்கும் 3.5-ஐப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். 3.0 என்றால் 90/14, 3.5 என்றால் 100/16, 4.0 என்றால் 110/18. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண் ஊசி உடலின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக: 100 என்றால் 1 மி.மீ., 110 என்றால் 1.1 மி.மீ. பின்னால் இருப்பது பழைய சிங்கர் எண். கடைசி ஆர், கூர்முனை. எஃப்எஃப்ஜி என்றிருந்தால் லேசான உருண்டைமுனை.

நூல் முதலில், துணி பிறகு

ஊசியின் முன்பக்கம் மேலிருந்து கண் வரை ஒரு நீளப் பள்ளம் ஓடும். ஊசி இறங்கும்போது நூல் அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும். நூல் தடித்துப் பள்ளம் சிறுத்தால், துணிக்கும் ஊசிக்கும் நடுவே நூல் அரைபடும். கண்ணுக்கு மேலே பஞ்சுபோல் பிசிறு சேரும். அதைக் கண்டால் ஒரு அளவு பெரிய ஊசிக்குப் போங்கள்.

40 வெயிட் பாலியெஸ்டருக்கு 18 எண் ஊசி. மெல்லிய துணியானால் 16-லும் ஓடும். 40 வெயிட் பருத்தி நூலுக்கு 18. 50 வெயிட் பருத்தி, 60 வெயிட் பாலியெஸ்டர் இரண்டுக்கும் 16 போதும், 14-ம் ஆகும். 100 வெயிட் பட்டு போன்ற இழைக்கு 14. 30 வெயிட் தடித்த நூலும் ஜரிகை நூலும் 18-க்குக் கீழே போக விடாது. வெயிட் எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதை மறக்க வேண்டாம்: ஒரு கிராம் எடையில் 40 மீட்டர் வந்தால் அது 40 வெயிட். ஒரே எண் போட்ட பருத்தியும் பாலியெஸ்டரும் கையில் ஒன்றுபோல் இராது, பருத்தி உப்பலாக இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. புது ஊசியைக் கழற்றிய நிலையிலேயே எடுத்து, அரை மீட்டர் நூலைக் கோருங்கள். நூலின் இரு முனையையும் இழுத்துப் பிடித்து, ஒரு பக்கத்தைச் சுமார் 45 பாகை உயர்த்துங்கள். ஊசி தானாகச் சுழன்றுகொண்டே கீழே வழுக்க வேண்டும். நடுவில் நின்றால் கண் சிறியது. சர்ரென்று விழுந்தாலும் கண் தேவைக்குமேல் பெரிதாக இருக்கலாம்; அப்போது துணியில் ஓட்டை தெரிகிறதா என்று தைத்துப் பாருங்கள்.

துணியைப் பொறுத்தவரை, சாதாரணப் பருத்தி கில்டுக்குக் கூர்முனையே போதும். நெருக்கமாக நெய்த பாத்திக்கில் பெரிய ஊசியின் ஓட்டை அப்படியே நிற்கும். அங்கே மெல்லிய நூலும் 14 அல்லது 16 கூர்முனையும். தைத்து முடித்துத் தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்தால் பெரும்பாலான ஓட்டைகள் மூடிவிடும். டி-ஷர்ட் கில்ட் மாதிரி பின்னல் துணிக்கு எஃப்எஃப்ஜி: கூர்முனை இழையை வெட்டிவிடும், உருண்டைமுனை விலக்கிவிட்டு இறங்கும். பொன்னிறமாக மின்னும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு ஊசி மெதுவாகத்தான் தேயும், பசை ஒட்டிய அப்ளிக்கே (மேலே ஒட்டித் தைக்கும் அலங்காரத் துணித்துண்டு) மேல் தைக்கும்போது வசதி. வளைந்துபோனால் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். பூச்சு இருக்கிறதென்று கணக்கில்லாமல் ஓட்டக்கூடாது.

மாட்டும் முறை

மின்சாரத்தை அணைத்து, திருகைத் தளர்த்தி, பழைய ஊசியை உருவுங்கள். புதியதன் நீளப் பள்ளம் உங்களைப் பார்க்க, கண்ணுக்குப் பின்னால் உள்ள குழிவு ஹூக்கைப் பார்க்க வேண்டும். உருண்டைத் தண்டு என்பதால் திசையைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்: கண்ணுக்குள் ஒரு மெல்லிய குண்டூசியைச் செருகினால், அது கடிகாரத்தின் 6 மணி முள் போல உங்களை நேராகக் காட்டும். முட்டும்வரை மேலே தள்ளுங்கள். ஊசிக் கம்பியில் பார்வைத் துளை இருந்தால் அதில் தண்டு தெரிய வேண்டும். திருகை இறுக்கும்போது ஊசி லேசாகத் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு குண்டூசியை மறுபடி பாருங்கள். பிறகு கைச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று கையாலேயே சுற்றி, எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

14-இலிருந்து 18-க்குத் தாவினால் ஹூக் இடைவெளியையும் கவனிக்க வேண்டும். ஹூக் முனைக்கும் ஊசிக் குழிவுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுதான் இடம். ஊசி தடித்தால் உரசும், மெலிந்தால் தையல் விடும். அடிக்கடி அளவு மாற்றுகிறவர்கள், அதிகம் பயன்படுத்தும் ஊசிக்கு டைமிங்கை (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை) வைத்துவிட்டு ஒரு அளவு மேலே கீழே மட்டும் போவது நல்லது.

எப்போது மாற்றுவது, எதைச் சந்தேகிப்பது

ஒரு கில்டுக்கு ஒரு ஊசி. பெரிய வேலையென்றால் 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒன்று. ரூலரிலோ குண்டூசியிலோ இடித்தால் அந்த நிமிடமே. நல்ல ஊசி துணியில் இறங்கும் சத்தம் மெல்லியது. "டப், டப்" என்று கேட்க ஆரம்பித்தால் முனை மழுங்கிவிட்டது. பழைய நைலான் காலுறையில் முனையை இழுத்துப் பாருங்கள், இழை மாட்டினால் கொக்கி விழுந்திருக்கிறது. பேட்டிங் பஞ்சு பின்துணி வழியாக எட்டிப் பார்ப்பதும் மழுங்கிய ஊசியின் வேலையாக இருக்கலாம்.

ஒரே திசையில் போகும்போது மட்டும் நூல் அறுகிறதா? ஊசியின் முகத்தை 6 மணியிலிருந்து ஒரு துளி, ஆறரை மணி பக்கம் திருப்பிப் பாருங்கள். அப்போதும் தீராவிட்டால், கில்டை ஃபிரேமில் முரசுபோல் இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேலே இருந்து அந்த விரல்நுனியைப் பிடிக்க முடியும் அளவுக்குத் தொய்வு வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஊசியும் வளையும்.

புது ஊசியும் அதே இடத்தில் நூலை அறுத்தால், ஊசித் தட்டின் துளை விளிம்பில் விரலை ஓட்டுங்கள். முந்தைய ஊசி இடித்த தழும்பு நகத்தில் நெருடும். மெல்லிய எமரித் துணியால் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். ஊசி உடைந்தால் துண்டுகளை மேசையில் அடுக்கி முழு ஊசியாகச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மெஷினை ஓட்டுங்கள். காணாமல் போன முனை, அடிநூல் சுருளை வைக்கும் பாபின் கேஸுக்கு அடியில், ஹூக் சுழலும் பள்ளத்தில் கிடக்கும்.