பழைய மலையேற்றப் பையை வீட்டிலேயே புதுப்பித்தல்
பல ஆண்டுகள் உழைத்த மலையேற்றப் பையில் பெரும்பாலும் துணிக்கு முன்பே கெடுவது, நீர் புகாமல் தடுக்க அதன் உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும் பாலியூரித்தேன் பூச்சுதான். ஈரப்பதத்தால் அது சிதையும்போது, உள்ளே கையை விட்டால் விரல்களில் பிசுபிசுவென ஒட்டும். புளித்த வாடையும் வீசும். அத்தகைய பையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கையால் கழுவி நிழலில் உலர்த்தியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் உரியும் பூச்சைத் தேய்த்து எடுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. மீண்டும் பூச்சிடுவதைவிட, தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளுறையாக இடுவதே மலிவும் நம்பகமும் ஆனது என்பது என் கருத்து.

பற்கள் நன்றாக இருந்தும் ஜிப் மூடியபின் பிளந்துகொண்டால், குறை பெரும்பாலும் பற்களை இணைத்தபடி நகரும் ரன்னர் தேய்ந்துபோனதில்தான் இருக்கும். அதன் பின்விளிம்புகளைக் குறட்டால் இருபுறமும் மாறி மாறி, மிக மெதுவாக அழுத்துங்கள், அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

பையைத் தோளில் மாட்டும் பட்டைகளைச் சரிசெய்யச் சற்றுக் கூடுதல் பொறுமை தேவை. உட்பக்கத் தையலை ஒரு சாண் அளவு பிரித்து, தட்டையாகிப்போன நுரையை வெளியே எடுத்து, அதையே அச்சாக வைத்துப் பழைய யோகா விரிப்பிலிருந்து புதிய துண்டை வெட்டி நுழைத்துத் தைத்துவிடுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும் என்பதால், தடித்த பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலையே பயன்படுத்த வேண்டும். பட்டை பையுடன் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்காக இரு கோடுகள் ஓட்டினால் இழுவிசை ஒரே புள்ளியில் குவியாது.

பயணத்திற்கு முன், நீர் நிரப்பிய பாட்டில்களைப் பையில் அடுக்கிச் சுமந்தபடி அரைமணி நேரம் படியேறி இறங்கி, புதிய தையல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.